உன் காயாக்குக்கு நான் போட்ட கரை

பாப்பா,

காலையில பத்து காவானுக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "என்னப்பா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கீங்க? நான் என்ன சீமைக்கா போறேன், கூச்சிங்குதானே?"ன்னு கேட்டுட்டு காடியை ஓட்டிக்கிட்டுப் போயிட்டே. மக கல்யாணம் ஆகிப் போகப் போறாளேன்னு அப்பன் சோகத்துல இருக்கான்னு நெனைச்சிருக்கே. சோகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கோவத்துல இருக்கேன். வாயைத் திறந்தா கத்திருவேன். நான் கத்தினா நீ உடனே "சரிப்பா, சரிப்பா"ன்னு சொல்லி என்னை அமத்திருவே. இப்ப எனக்கு ஆகாததே அந்த "சரிப்பா"தான். அதனாலதான் உக்காந்து எழுதுறேன். எழுத்துக்குக் குறுக்க யாரும் "சரிப்பா" சொல்ல முடியாது பாரு.

வெள்ளிக்கிழமை லாரி வந்து உன் காயாக் போட்டைக் கிள்ளான் துறைமுகத்துக்கு ஏத்திக்கிட்டுப் போயிரும். அடுத்த மாசம் கல்யாணம் முடிஞ்ச கையோட நீயும் மாப்பிள்ளை பின்னாடி கூச்சிங்குக்குப் பிளேன் ஏறிருவே. அதுக்குள்ள நீ என்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லியாகணும். அதைக் கேக்காம என்னால உன்னை நிம்மதியா அனுப்ப முடியாது. என்ன உண்மைன்னு உனக்கே தெரியும். இதோ, போர்ச்சுல உன் போட்டுக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உக்காந்துதான் எழுதுறேன். அதைப் பாக்கப் பாக்க எனக்கு உடம்பெல்லாம் பரபரங்குது. ரெண்டு வரி எழுதுறேன், எழுந்து போய் அதைத் தடவிப் பாக்குறேன், திரும்ப வந்து உக்காருறேன்.

முதல்ல இருந்து வர்றேன். உனக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா என் பக்கத்துல இருந்து நீ கேட்டதில்ல. நான் மார்க்கெட் ஸ்த்ரீட் துணிக்கடையை விட்டு நின்னப்ப நீயும் உங்கம்மாவும் ஆளுக்கொரு கேக் வாங்கிக் குடுத்து, "இனிமே ரெஸ்ட் எடுங்க"ன்னு சொன்னீங்க. ரெஸ்ட்டாம் ரெஸ்ட்டு. சேலையைக் கொண்டாந்து கையில குடுத்தா போதும், அடுக்குல கை விட்டு அதுக்குச் சேர்ற பிளவுஸ் துணியை உருவிக் குடுக்குற ஆளு நான். கெடாவுல இருந்து, ஈப்போவுல இருந்தெல்லாம் வருவாங்க. "அண்ணே, நாலு கடை ஏறி இறங்கிட்டேன், நீங்கதான் பாத்துக் குடுக்கணும்"ம்பாங்க. வாடாமல்லியில எத்தனை வாடாமல்லி இருக்குன்னு எனக்குத் தெரியும். கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் நடுவுல பேரில்லாத பச்சை எத்தனை இருக்குன்னும் தெரியும். அப்படி இருந்தவன் வீட்டுல உக்காந்து உங்கம்மா காய் நறுக்குறதைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆயர் ஈத்தாம் பசார்ல போய் கீரைக்காரரோட சண்டை போட்டேன். நானே என்னைத் தாங்க முடியாம திரிஞ்ச காலம் அது.

அப்பதான் நீ மரத்தைக் கொண்டாந்து இறக்கினே. "காயாக் செய்யப் போறேன்பா"ன்னே. ஆத்துல போற போட்டு, அதைப் பொம்பளைப் புள்ளை தனியா மரத்துல செய்யுறதான்னு நான் கேட்டேன். "தனியா இல்லப்பா, நீங்க இருக்கீங்களே"ன்னே. மெல்லிசு மெல்லிசா, சுண்டுவிரல் அகலத்துக்கு, ஆள் உயரத்தைவிட ரொம்ப நீளமா அறுத்த மரம். நீ ஸ்ட்ரிப்னு சொல்லுவே, எனக்கு அது கீத்து. அச்சுப் பலகைகளை வரிசையா நிக்க வெச்சு, அது மேல கீத்தைக் கீத்தோட ஒட்டி ஒட்டி வளைச்சுக்கிட்டே வந்தா போட்டு உருவம் வருது. அடிப்பாகத்தை நீயே முடிச்சிட்டே, எல்லாம் மஞ்சள் மெராந்தி மரம். மேல்தளம் வந்தப்ப செவப்பு மெராந்தியும் வெள்ளை ஜெலுத்தோங்கும் எடுத்து வெச்சுக்கிட்டு, "சும்மா நேரா அடிச்சிட்டுப் போயிரலாமாப்பா?"ன்னு கேட்டே. நேரா அடிக்கிறதாம்! வெறும் செவப்பைக் கொண்டுபோய் எதுக்குத் தண்ணியில விடணும்னு நான்தான் குதிச்சேன்.

அன்னைக்கு நான் பேசின பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கும். "இதைச் சேலையா நெனைச்சுக்கோ. செவப்பு உடம்பு. ரெண்டு ஓரத்துலயும் வெள்ளையில ரெட்டைக் கரை, நடுவுல ஒரே ஒரு செவப்புக் கோடு விட்டு. மூக்குப் பக்கம் முந்தானை, அங்க மட்டும் கீத்தைக் குறுக்கச் சாய்ச்சு அம்பு மாதிரி அடுக்கு"ன்னேன். நீ பேப்பர்ல வரைஞ்சு காட்டினே. நல்லாத்தான் வந்துச்சு. ஆனா மரம் துணி மாதிரி இல்லங்கிறதை அப்புறம்தான் கத்துக்கிட்டேன். போட்டு ரெண்டு நுனியிலயும் ஒடுங்குது. துணியா இருந்தா கொசுவத்துல மடிச்சு மறைச்சிரலாம், மரத்துல எங்கயும் மறைக்க முடியாது. ஒவ்வொரு கீத்தையும் நுனியில இழைச்சு இழைச்சு ஊசியா ஆக்கி, பக்கத்துக் கீத்தோட சேக்கணும். நீ இழைப்புளியைப் புடிச்சே, நான் கீத்தைத் தேர்ந்து எடுத்துக் குடுத்தேன். "இது வேணாம், இதுல ரேகை கோணலாப் போகுது. இதைப் புடி. இதுக்கு ஜோடி அந்தப் பக்கம் போகணும், மறந்துராதே." நீ பசையைத் தடவி, ஒட்டி, டேப்பை இழுத்துக் கட்டுவே. வேலைக்குப் போயிட்டு வந்து, குளிச்சிட்டு, நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு நின்னுக்கிட்டே தின்னுட்டு நீ என்னோட நின்ன அந்தச் சாயங்காலங்களை நான் சும்மா சொல்லல, எனக்கு அவ்வளவு புடிச்சிருந்துச்சு.

நீ மட்டும் அப்பப்ப ஒரு கீத்தைக் கையில வாங்கிட்டு ஒரு நொடி நிப்பே. நான், "என்ன?"ம்பேன். "ஒண்ணும் இல்லப்பா"ம்பே. அப்புறம் ஒட்டிருவே. களைப்பா இருக்கேன்னு நெனைச்சேன். அந்த ஒரு நொடி என்னன்னு இப்பத்தானே தெரியுது.

கண்ணுல புரைன்னு டாக்டர் சொன்னப்ப நான் நம்பவே இல்ல. எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது, போன்ல எழுத்துதான் கொஞ்சம் மங்கல்னேன். ரெண்டு கண்ணும் முத்தியிருக்கு, முதல்ல வலது கண்ணைப் பண்ணிருவோம், இடது அப்புறம்னு நாள் குறிச்சாங்க. அந்த வாரம் நீ பண்ணினதைப் பாரு. மேல்தளத்துக்குக் கண்ணாடி நார்த் துணி விரிச்சு ரெசின் பசை ஊத்துறதை, மாப்பிள்ளை லீவுல வந்தப்புறம் எல்லாரும் சேர்ந்து பண்ணலாம்னு நீதான் சொல்லிக்கிட்டு இருந்தே. திடீர்னு சனிக்கிழமை காலையில உப்புத்தாளால அவசர அவசரமாத் தேய்ச்சு, துணியை விரிச்சு, ரெசினை ஊத்தி முடிச்சிட்டே. "மழை வர்ற மாதிரி இருக்குப்பா, ஈரக் காத்துல ரெசின் பூத்துப் போயிரும்"னே. பினாங்குல என்னைக்குத்தான் மழை வர்ற மாதிரி இல்ல? நான் மக்கு மாதிரி பக்கத்துல நின்னு, வெள்ளைத் துணி ரெசின்ல நனைஞ்சதும் கண்ணுக்குத் தெரியாம மறையுறதைப் பாத்து, "அடடா, என்னா துணி இது!"ன்னு வியந்துக்கிட்டு இருந்தேன்.

ஆப்பரேஷன் முடிஞ்சு கட்டைப் பிரிச்சு வீட்டுக்கு வந்தா, உலகமே வேற மாதிரி இருக்கு. வெள்ளைச் சட்டைன்னு நான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சது தேத்தண்ணி கலர்ல இருக்கு. சமையலறைச் சுவத்தைப் பாத்துட்டு, "எப்ப இப்படி அழுக்காச்சு?"ன்னு கேட்டு உங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அந்த சந்தோஷத்துல, தூசியில போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதையும் மீறி, நீ வேலைக்குப் போனப்புறம் போர்ச்சுக்கு வந்தேன், நான் போட்ட கரையைப் புதுக்கண்ணால பாக்கலாம்னு.

பாத்தேன் பாப்பா. இடது பக்கக் கரை வெள்ளையா ஆரம்பிச்சு, நீ உக்கார்ற குழிகிட்ட வந்ததும் மஞ்சள். அப்புறம் ஒரு வெள்ளை. அப்புறம் ரெண்டு மஞ்சள். முந்தானையில அம்பு அம்பா நான் அடுக்கினதுல ஒரு பக்கம் பாதி மஞ்சள், இன்னொரு பக்கம் முழு வெள்ளை. அடிப்பாகத்துல மிஞ்சின மஞ்சள் மெராந்திக் கட்டும் ஜெலுத்தோங் கட்டும் ஒரே கம்பியில பக்கத்துல பக்கத்துல தொங்குச்சுல்ல, அதுல இருந்தும் இதுல இருந்தும் மாத்தி மாத்தி உருவியிருக்கேன். ரெசின்ல நனைஞ்சதுல மஞ்சள் இன்னும் தேன் மாதிரி ஏறி நிக்குது. கண்ணு தெளிஞ்சு பாத்தா நான் பேத்துருவேன்னுதான் உனக்கு அன்னைக்கு அந்த அவசரம். நான் ஒரு கண்ணைப் பொத்தினேன். ஆப்பரேஷன் பண்ணாத இடது கண்ணுல எல்லாம் ஒரே நிறம், அழகான கரை. அதைப் பொத்திட்டு வலது கண்ணால பாத்தா திட்டுத்திட்டா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு. பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டு நின்னேன். எதுத்த வீட்டுச் சீன அக்கா என்னமோ ஏதோன்னு வாசல் கேட் வரைக்கும் வந்துட்டாங்க. இந்தக் கண்ணோடதான் கடைசி ரெண்டு மூணு வருஷம் கடையில நின்னிருக்கேன். யார் யார் வீட்டுக் கல்யாணத்துல என்னென்ன பிளவுஸைப் போட்டுக்கிட்டு நின்னாங்களோ, கடவுளே.

அது என் கண்ணோட கோளாறு. அதுக்கு உன்னை நான் என்ன சொல்ல முடியும்? சொல்ல வர்றது அதுக்கு அப்புறம் நடந்ததை. சாயங்காலம் நீ வந்தே. உன் கையைப் புடிச்சு போட்டுகிட்ட கூட்டிட்டு வந்து, அந்த மஞ்சள் மேலயே விரலை வெச்சு, "பாப்பா, இது எந்தக் கட்டுல இருந்து எடுத்தது?"ன்னு கேட்டேன். நீ என் கண்ணைப் பாத்தே. புதுக் கண்ணையே பாத்தே. பாத்துக்கிட்டே, "எல்லாம் ஒரே கட்டுதாம்பா, மரம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்"னு சிரிச்சே. ஒரு தடுமாற்றம் இல்ல. அவ்வளவு நல்லாப் பொய் சொல்லுவேன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நான் உள்ள போயிட்டேன்.

மறுநாள் உங்கம்மாவைப் புடிச்சேன். அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் கூடிப் பேசியிருக்கீங்க, என்னைப் பத்தி, என் முதுகுக்குப் பின்னாடி, சமையலறையில. "சொல்லிருவோமான்னுதான் புள்ளை கேட்டுச்சு. கடையை விட்டு வந்தப்புறம் மரம் எடுத்துக் குடுக்கும்போதுதான் நீங்க முதல் தடவையா விசில் அடிச்சீங்களாம். அதைக் கெடுக்க மனசு வரலைன்னுச்சு"ன்னா. அழுகையும் வருது, ஆத்திரமும் வருது. என் விசிலுக்காகவாடி ஒரு போட்டைக் கெடுத்துக்கிட்டே? நான் என்ன தொட்டில்ல கெடக்குற கொழந்தையா, கிலுகிலுப்பை ஆட்டிக் காட்ட?

அந்த ஆத்திரத்துல, உன் சாமான் பெட்டியில இருந்த சூடு ஊதுற மெஷினை எடுத்து, பின்பக்கம் ஓரத்துல காட்டி, ரெசினை இளக்கி, கண்ணாடித் துணியை உரிக்க ஆரம்பிச்சிட்டேன். கரை மொத்தத்தையும் பேத்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா அடிச்சிரலாம்னு ஒரு வெறி. கட்டைவிரல் அகலத்துக்கு வந்துச்சு. துணியோட மரத்துத் தோலும் சேர்ந்து பிஞ்சு வந்துச்சு. பின்னாடி ஒரு இடத்துல சொரசொரன்னு இருக்கும், பாத்துட்டுத் திட்டு, பரவாயில்ல. உங்கம்மா ஓடி வந்து சுவிட்சை அணைச்சிட்டா.

"உங்க போட்டா அது? அவ போட்டு. அவளைக் கேக்காம தொடாதீங்க"ன்னா. "பொய் சொல்றா, நீயும் சேர்ந்து பொய் சொல்றே"ன்னு கத்தினேன். அவ கத்தல. மெஷினோட வயரைச் சுத்திக்கிட்டே மெதுவாச் சொன்னா: "நான் கட்டிக்கிட்டு இங்க வந்த முதல் வருஷம், தைப்பிங்ல இருந்து எங்கப்பா ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணுவாரு. நீங்க பக்கத்துலதான் பேப்பர் படிச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நான் 'நல்லா இருக்கேம்பா'ன்னுதானே சொன்னேன்?" அதுக்கு என்னன்னு கேட்டேன். "நல்லாவா இருந்தேன்?"ன்னா.

அவ அந்தக் கேள்வியை விட்டுட்டு அரிசி கழுவப் போயிட்டா. எனக்கு அந்த வருஷம் ஒவ்வொண்ணா வந்துச்சு. கடை திறக்குறதுக்கு முன்னாடி போனா, மூடினப்புறம்தான் வருவேன். என் அண்ணன் தம்பிங்க குடும்பம் எல்லாம் ஒரே வீடு, அவளுக்கு ஒரு மூலை. யாரும் அடிக்கல, வையல. ஆனா அவகிட்ட பேச ஒரு ஆள் இல்ல. அவ இளைச்சுப் போனதை ஊரே பாத்திருக்கு, துணிக்கு நிறம் பாக்குற நான் பாக்கல. அவங்கப்பா அந்தப் பக்கம் போனை வெச்சிட்டு, மக நல்லா இருக்கான்னு நிம்மதியாப் போய்ப் படுத்திருப்பாரு. கடைசி வரைக்கும் அந்த மனுசனுக்குத் தெரியாமலே போயிருச்சு.

அதுல இருந்துதான் பாப்பா எனக்கு இருப்பு கொள்ளல. மரம் மஞ்சளா இருந்தா என்ன, நீலமா இருந்தா எனக்கென்ன? இனிமே ஞாயித்துக்கிழமைகள்ல போன் பண்றவன் நான். நீ கடல் தாண்டி இருக்கப்போறே. அந்த ஊர் ஆத்துல முதலை கெடக்குதாம், அதை விடு. முதலையைவிட எனக்கு உன் "நல்லா இருக்கேம்பா"தான் பயமா இருக்கு. மாப்பிள்ளை நல்ல பையன். நானும் நல்ல பையன்தான், உங்கம்மாவைக் கேட்டுப் பாரு, இன்னைக்கும் அப்படித்தான் சொல்லுவா. நல்ல ஆளுங்க வீட்டுலயும் ஒருத்தி தனியா மூலையில கெடந்து காயலாம். அப்ப நான் "எப்படிம்மா இருக்கே?"ன்னு கேப்பேன். நீ ஒரு நொடி நிப்பே. அப்புறம் சிரிச்சிக்கிட்டே பதில் சொல்லுவே. போன்ல அந்த ஒரு நொடி எனக்குக் கேக்குமா, கேக்காதா?

அறிவுரை சொல்றதுக்குத்தானே அப்பனுங்க எழுதுறது, அதனால ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். மாப்பிள்ளைகிட்டயும் இதைப் பண்ணாதே. அவர் உப்பைக் கொட்டி ரசம் வெச்சா "நல்லா இருக்கு"ன்னு குடிக்காதே. உப்புன்னு சொல்லு. மொகம் சுருங்கும், சுருங்கட்டும், அரை மணி நேரத்துல சரியாயிரும். நீ சொல்லாம விட்டா அவர் வாழ்நாள் முழுக்க அதே உப்பைப் போட்டு, உனக்குப் பாசமா ஊத்திக் குடுத்துக்கிட்டே இருப்பாரு. நீயும் குடிச்சிக்கிட்டே இருப்பே. யாரையும் நோகடிக்கக்கூடாதுன்னு நீ நெனைக்கிறது நல்ல குணம்தான், இல்லேங்கல. ஆனா அந்தக் குணத்தால நீ என்னைத் தள்ளி வெச்சிட்டே. உனக்கும் அம்மாவுக்கும் ஒரு வீடு, எனக்கு மட்டும் தனியா ஒரு வீடு, அதுல எல்லாமே அழகா இருக்கும். அப்படி ஒரு வீடு எனக்கு வேணாம். அடுத்த வருஷம் காது போகும், அப்புறம் முட்டி போகும், ஞாபகம் போகும். போகப் போக, "அப்பாகிட்ட எதுக்குச் சொல்லணும், பாவம்"னு உனக்குத் தோணிக்கிட்டேதான் இருக்கும். என்னைப் பாவம்னு நெனைக்காதே. எனக்குக் கத்தத் தெரியும், கத்திட்டு அடங்கவும் தெரியும்.

போட்டை இனி நான் தொடல. அது அப்படியே போகட்டும், கூச்சிங்ல யாராவது "ஏன் ஒரு பக்கம் இப்படி இருக்கு?"ன்னு கேட்டா, எங்கப்பனுக்குக் கண்ணு தெரியாதப்ப அடுக்கினதுன்னு தைரியமாச் சொல்லு. அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

இப்ப மணி நாலு ஆகப் போகுது. நீ பாலத்துல ஜாம்ல நிக்கிற நேரம். இதை உன் தலையணையில வெச்சிருவேன். படிச்சிட்டு வாட்ஸாப்புல ஒரு சிரிப்பு மூஞ்சியை அனுப்பாதே, அம்மாவைத் தூது விடாதே. லாரி வர்றதுக்கு முன்னாடி நேரா வந்து என் முன்னால நில்லு. சிரிக்காம என் கண்ணைப் பாத்து, "அப்பா, நீங்க எடுத்துக் குடுத்தது தப்பு. எனக்கு அப்பவே தெரியும்"னு சொல்லு. நான் கட்டாயம் கத்துவேன். கத்தினா "சரிப்பா"ன்னு சொல்லிட்டு ஓடாதே, நான் முடிக்கிற வரைக்கும் நின்னு, திரும்ப ஒரு தடவை சொல்லு.

அதை மட்டும் சொல்லிட்டுப் போயிரு. அப்பதான் நீ அங்க இருந்து "நல்லா இருக்கேம்பா"ங்கும்போது நான் நம்புவேன்.

அப்பா